காலி முக்கு

"வாலா வர்றவருக்குக் கண்ணு நல்லாத் தெரியணும்ணே," என்றார் எங்கள் பைக் குழுவின் கேப்டன். சுற்றி நின்றவர்கள் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமானார்கள்.

ஆண்டுப் பயணம் கிளம்பும் காலை. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் முப்பத்தொரு வண்டிகள் நின்றன. மாமா, என் அக்காவின் கணவர், இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைத்திருந்தார். முட்டிக்குள் இரண்டு ஸ்டீல் கம்பிகள். பதினோரு வருடம் அவர்தான் எங்கள் வால். கூட்டத்தின் கடைசி வண்டி, ஆரஞ்சு மேல்சட்டை, எவன் பின்தங்கினாலும் கூடவே நிற்கிற ஆள்.

"கண்ணு இருக்கு. முட்டிதான் போச்சு," என்றார் மாமா. குழுவில் இருந்த பல் டாக்டர் மட்டும் சிரித்தார். "இந்த ஒரு தடவ நானே வர்றேன். குவாரி முக்குல மாப்ளய நிறுத்துங்க. போன வருஷம் நின்ன அதே இடத்துல."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் இறங்கி, திரும்ப வேண்டிய பக்கம் கையை நீட்டி நிற்க வேண்டும். எல்லோரும் போய், கடைசியில் வால் வந்த பிறகுதான் அவர் வண்டியை எடுக்கலாம். முக்கில் ஆள் இல்லையென்றால் நேராகப் போ என்று அர்த்தம்.

போன வருடம் கிடங்கில் நைட் ஷிஃப்ட் முடித்து, அப்படியே வந்திருந்தேன். கடைசித் திருப்பமான குவாரி முக்கில் நின்றபோது ஆரஞ்சு நிறம் ஒன்று கடந்தது. அது பல் டாக்டர் புதிதாக வாங்கிய ஜாக்கெட். மாமா என்று நினைத்துவிட்டேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். டாக்டரின் வண்டியும் தெரியும், தொப்பையும் தெரியும். பயணம் முடிகிற ஏரிக்கரைக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. கிளம்பிவிட்டேன்.

யாரோ தவறவிட்ட பையை எடுக்க நின்ற மாமா எட்டு நிமிடம் கழித்து வந்திருக்கிறார். முக்கு காலி. நேராகப் போனார். நூறு மீட்டரில் தார் முடிந்து ஜல்லி; வண்டி சறுக்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேப்டன் கேட்டார். "நீ நின்னியா?"

"நின்னேன். அவருதான் பாக்காமப் போயிட்டாரு."

அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். அன்றிலிருந்து மாமாவுக்குக் கண் மங்கல் என்று ஆகிவிட்டது. இரண்டு முறை கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றதும், "அப்ப திமிருதான்" என்று முடித்துவிட்டாள். வண்டியை விற்றுத் தொலை என்று தினமும் ஒரு பாட்டு. மாமா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு நாற்காலியை நகர்த்திப் போடுவார், அவ்வளவுதான்.

இப்போது அதே முக்கு. இடது கையை நீட்டி நின்றேன். ஒவ்வொன்றாக எண்ணினேன். பல் டாக்டர் வேகத்தைக் குறைத்து, "கை வலிச்சா பல்லக் கடிச்சுக்கோ தம்பி, பல்லுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தொன்பது வண்டிகள் திரும்பிவிட்டன. பாக்கி மாமா மட்டும்.

பத்து நிமிடம். இருபது. ஜல்லி லாரி ஒன்று புழுதியை வாரி முகத்தில் அடித்துவிட்டுப் போனது. புழுதி அடங்கியபோது, பின்னால் ரோடு ஏறுகிற மேட்டில் ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தது. வண்டி ஓரமாக நின்றது. மாமா ரோட்டோரக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஹெல்மெட். முகம் என் பக்கம். வண்டி மக்கர் என்றால் ஒரு கையைத் தூக்கிக் காட்டுவது எங்கள் வழக்கம். அவர் தூக்கவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறாரோ.

போன் அடித்தது. வலது கையால் எடுத்தேன்.

"எல்லாரும் வந்தாச்சு. எங்கடா இருக்க?" கேப்டன்.

"முக்குல."

"அண்ணன்?"

"இன்னும் இந்தப் பக்கம் வரல."

"மறுபடி நேராப் போயிருப்பாரு. காலையிலயே தலதலயா அடிச்சுக்கிட்டேன். இதோட அவருக்கு வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்க அக்காவுக்கு நான் போன் பண்றேன். நீ குவாரிப் பக்கம் போய்ப் பாரு."

"போகல. மேட்டுல உக்காந்திருக்காரு."

"அங்க என்ன பண்றாரு?"

"என்னையப் பாத்துட்டிருக்காரு." தொண்டை முழுக்கப் புழுதி. "போன வருஷம் நான் இங்க நிக்கல."

மறுமுனையில் யாரோ ஒரு ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்ன?"

"நிக்கல. அவரு வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். முக்கு காலி. அதான் நேராப் போனாரு."

"அவருக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"உங்க அக்காவுக்கு?"

போனைப் பைக்குள் போட்டேன். நீட்டிய இடது கையை இறக்கவில்லை. மேட்டில் மாமா எழுந்தார். கம்பி வைத்த காலை ஊன்றி, மற்றதைச் சீட்டுக்கு மேல் தூக்கிப் போட இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை ஏறிவிட்டார். அந்த வெயிலில் ஹெட்லைட் எரிந்தது. வண்டி இன்னும் நகரவில்லை.