மடக்குக் கத்தியில் அமர்ந்த கொக்குகள்

ஓசூர் தொழிற்பேட்டையில் எங்கள் கத்திக் கம்பெனியில், ஓர் ஆயுத பூஜை அன்று, ஏற்றுமதிக்குத் தயாராயிருந்த கொக்குகள் அத்தனைக்கும் என்னால் உயிர் வந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. அவை வெளிநாட்டில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து அழகு பார்ப்பவர்களுக்கான மடக்குக் கத்திகள். வெங்காயம்கூட நறுக்க மாட்டார்கள். எஃகுக் கைப்பிடியில் பழைய ஜப்பானிய ஓவியப் பாணியில் பனி மூடிய பைன் கிளை, அதன்மேல் ஒற்றைக் கொக்கு. கண் இருக்கவேண்டிய இடத்தை மட்டும் வரைபடத்தில் காலியாக விட்டிருந்தார்கள். லேத், கம்ப்ரசர், தண்ணீர் கேன் வரை பொட்டு வைத்த பிறகும் கிண்ணத்தில் குங்குமம் மிச்சமிருந்தது. பாலிஷ் பிரிவின் சூப்பர்வைசரான நான், வீணாக்குவானேன் என்று தீக்குச்சி நுனியால் தொட்டு ஒவ்வொன்றுக்கும் கண் வைத்தேன். சிலைக்குக் கண் திறப்பவர்கள் விரதமிருந்து செய்கிற காரியம். நான் பொரிகடலை மென்றுகொண்டே செய்தேன். கற்பூரம் அணைவதற்குள் கொக்குகள் இமைத்தன.

பறந்து போயிருந்தால் தொல்லை விட்டிருக்கும். அவை தலையை மட்டும் திருப்பி, எல்லாம் சேர்ந்தாற்போல், பாலிஷ் போடும் ராஜப்பனைப் பார்த்தன. பொங்கலுக்கு ராஜப்பன் இல்லை. நுரையீரலில் எஃகுத் தூசி என்றார் டாக்டர். பீடிதான் காரணம் என்றது கம்பெனி. அவர் பீடியைத் தொட்டதேயில்லை. பிறகு அதே பிரிவின் நாராயணம்மாவைப் பார்த்தன. பாகலூரில் அவர் காரியத்துக்கு வேனில் போய்வந்தோம். அடுத்தது அஜாஸ், பேக்கிங் மேசையிலிருக்கும் அதியாவின் தம்பி. அவள் அவனை வேலையிலிருந்து நிறுத்தி ஜூஜுவாடியில் ஒரு டயர் கடையில் சேர்த்தாள். கொக்குகள் ஜூஜுவாடிப் பக்கம் திரும்பிக்கொண்டன, அவன் மூச்சு நிற்கும்வரை.

கம்பெனி சும்மா இருக்கவில்லை, துணி மாஸ்க் கொடுத்தது. எந்த அலமாரியில் வைத்தாலும் கொக்கு ஒரே திசையைப் பார்க்கிறதென்று வாங்கியவர்கள் எழுதினார்கள். புகார் என்று முதலாளி நடுங்கினார், பாராட்டாம். ஆர்டர் பெருகியது, புதுக் கொக்குகளுக்கும் நானே குங்குமக் கண் வைத்தேன், பாலிஷுக்கு இன்னும் ஆள் எடுத்தோம். ஏலச்சீட்டு நடத்துபவர்கள், கொக்கு யாரைப் பார்க்கிறதென்று பார்த்துவிட்டே ஆள் சேர்க்கப் பழகினார்கள்.

போன மாதம் அவை மறுபடி திரும்பின. என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. எங்கே நின்றாலும் காலண்டர் சாமி நம்மைத்தானே பார்க்கும் என்று விலகி நின்றேன்; அந்தப் பக்கம் திரும்பின. எனக்குப் பின்னால் எவனோ பாவம் என்று நினைத்து, சுவரோடு முதுகு ஒட்ட நின்றேன். சுவரைப் பார்த்தன, சரியாக என் உயரத்தில். ஆபரேட்டர் ராஜசேகரிடம் கேட்டேன். கடிகாரத்தைப் பார்க்கின்றன என்றான்; கடிகாரம் எதிர்ச் சுவரில் இருந்தது. மேனேஜர், லைட் வெளிச்சம் என்றார். வீட்டுக்கு ஒரு கத்தியைக் கொண்டுபோய் என் மனைவி பிரியாவிடம் காட்டினேன். அவள் அதை மடக்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு, கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னாள். வாங்கி வந்தேன். டப்பாவின் மூடியை அன்று முழுக்க அவள் திறக்கவில்லை. இட்லி வாங்கிச் சாப்பிட்டோம்.

நேற்று டீ நேரத்தில் அதியாவின் மேசைக்குப் போனேன்.

“யாரத்தாம்மா பாக்குது இது? உனக்குத் தெரியாததா?”

அவள் ஒரு கத்தியை விரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். என் இருமல் அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

“உங்களத்தாண்ணா. மாஸ்க்கக் கழட்டிட்டு டீயக் குடிங்க, ஆறுது.”