திரும்பி வரும் எண்ணம்

ஆர்லன் நோவிட்ஸ்கிக்கு வருமான வரி ஒரு நாளும் தலைவலியாக இருந்ததில்லை. ஏரிக்கரையில் இருக்கும் ஈரி நகரத்தில் குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான், கோடையில் தார் வண்டி. ஒரே சம்பளம், அப்பா விட்டுப்போன ஒரே வீடு, பிள்ளைகுட்டி கிடையாது. மார்ச் மாதம் பிறந்தால் நூலகத்தின் கீழ்த்தளத்தில் வரிப்படிவத்தை இலவசமாக எழுதிக் கொடுப்பவர்கள் முன்னால் போய் உட்காருவான். கையில் கொண்டுபோன காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அந்த வருடம்தான் முதல் தடவையாகக் கோரினையும் கூட அழைத்துக்கொண்டு போனான்.

கோரின் அவனோடு பதினோரு வருடமாக அதே வீட்டில் இருப்பவள். கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு கல்யாணம் நடந்து இரண்டும் சீரழிந்திருந்தன. இனி எவன் மோதிரமும் தன் விரலில் ஏறாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அவன் இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். இரண்டு முறையும் அவள் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவள்தான் தலைமை. நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள், ஒரு நாள் காலையில் அடுப்படியில் பக்கவாதம் வந்து சரிந்தாள். உயிர் தப்பியது. இடது கை சொன்னபடி கேட்கவில்லை, இடப்பக்கப் பார்வையும் மங்கிவிட்டது. வேலை போயிற்று. அரசாங்கத்தின் ஊனமுற்றோர் உதவிக்கு மனுப்போட்டாள், தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவள் கைக்கென்று ஒரு காசு வரவில்லை.

கல்யாணம் ஆகாவிட்டாலும், கூடவே இருந்து, வருமானமில்லாமல், நம் சம்பாத்தியத்தில் வாழ்பவரை நம்மைச் சார்ந்தவர் என்று வரிக்கணக்கில் காட்டலாம் என்று ஆர்லனுக்குச் சொன்னவன் ரஸ். நகராட்சி வண்டிக்கொட்டகையில் அவனுடைய கூட்டாளி. வரியில் ஐந்நூறு டாலர் குறையும் என்றான். ஆர்லன் மனதில் பட்டது அந்த ஐந்நூறு அல்ல. கோரினை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, முகப்பில் இருந்த பெண் அவனை நிமிர்ந்து பார்த்து, நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்து, 'சிநேகிதன்' என்றான். சொந்தக்காரர்கள் வரட்டும், அதுவரை உட்காருங்கள் என்றாள் அவள். ஓஹையோவிலிருந்து கோரினின் அக்கா வில்மா வந்து சேரும்வரை அவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சர்க்காரின் காகிதத்தில் எங்காவது ஓரிடத்தில் இவள் என் வீட்டு மனுஷி என்று இருக்கட்டும் என்பதுதான் அவன் ஆசை.

ஆனால் ஆசையைச் சொல்லத் தெரிய வேண்டுமே. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, மாதா கோவில் மண்டபத்தில் மீன் விருந்து நடந்துகொண்டிருந்தது. நீளமேசையில் தெரிந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். வாய் நிறைய மீனை வைத்துக்கொண்டு ஆர்லன், "இத்தனை வருஷத்துல இந்த வருஷம்தான் கோரினால எனக்கு ஐந்நூறு டாலர் லாபம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கோரின் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். அப்புறம் அதை எடுக்கவில்லை. அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நூலகத்தில் அவர்களுக்கு வாய்த்தவர் நோரீன் ஹூக்ஸ்ட்ரா என்ற வயதான அம்மாள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கேள்விகளை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் கேட்டார். கோரினுக்குச் சென்ற வருடம் வருமானம் உண்டா, வேறு யாரோடாவது மணமாகியிருக்கிறதா, வேறு யாராவது தன் கணக்கில் அவளைக் காட்டுகிறார்களா. எல்லாவற்றுக்கும் இல்லை. வீட்டுச் செலவு யாருடையது? என்னுடையது என்றான் ஆர்லன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"உங்களுக்குள்ள ரத்த சம்பந்தமோ கல்யாணமோ இல்லாததால இதையும் கேட்கணும். போன வருஷம் பூரா இவங்க உங்க வீட்லதான் இருந்தாங்களா?"

"ஆமா" என்றான் ஆர்லன்.

"இல்ல" என்றாள் கோரின்.

ஆர்லன் சிரித்தான். ஓ, அதுவா என்று விளக்கினான். ஜூலை மாதம் அவளுடைய அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன், அக்காவின் ஊரான அஷ்டபுலாவுக்குப் போய்க் கூட இருந்து பார்த்துக்கொண்டாள், அக்டோபரில் வந்துவிட்டாள். நோரீன் அம்மாள் முகம் தெளிந்தது. அதனால் ஒன்றும் இல்லை என்றார். ஆஸ்பத்திரி, படிப்பு, இப்படி உடம்பு முடியாதவர்களைப் பார்க்கப் போவது எல்லாம் தற்காலிகமாகப் பிரிந்திருப்பதுதான். திரும்பி வரும் எண்ணத்தோடு போயிருந்தால் வீட்டிலேயே இருந்ததாகத்தான் அர்த்தம். பிறகு, கேட்க வேண்டுமே என்பதற்காகக் கோரின் பக்கம் திரும்பினார்.

"திரும்பி வர்ற எண்ணத்தோடதானே போனீங்க?"

கோரின் மடியில் இருந்த இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டாள். ஆர்லன் அவளைப் பார்த்தான். முதலில் அவளுக்குக் கேள்வி காதில் விழவில்லை என்று நினைத்தான். அப்புறம் அவன் முகத்திலிருந்த சிரிப்பு வழிதெரியாமல் நின்றது.

"அத நான் இங்க வச்சுச் சொல்ல முடியாது" என்றாள்.

நோரீன் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கி அவனிடமே கொடுத்தார்.

இருவரும் வண்டியில் ஏறினார்கள். ஏரியிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கோரின் கோட்டைக் கழற்றாமலே சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"வில்மாவுக்கு ஆபரேஷன் ஆனது நிஜம். ஆனா ஆகஸ்ட் முடியறதுக்குள்ள அவ எழுந்து நடமாட ஆரம்பிச்சிட்டா" என்றாள்.

"நீ வந்தது அக்டோபர்ல."

"ஆமா. வரக்கூடாதுன்னுதான் போனேன், ஆர்லன். ஆபரேஷன் எனக்கு ஒரு சாக்காக் கிடைச்சுது."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். ஏன் என்று அவன் கேட்பதற்குள் அவளே சொன்னாள். அந்த ஜூன் மாதம் அவன் அவளுடைய காரை ரஸ்ஸின் மகளுக்கு விற்றதை நினைவுபடுத்தினாள். அவன் சட்டென்று நிமிர்ந்தான். டாக்டரே ஓட்டக்கூடாது என்று சொன்ன பிறகு அது சும்மா நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்தது. காப்பீட்டுக்குத் தண்டமாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. தவிர, கையெழுத்துப் போட்டவள் அவளேதான் என்றான்.

"விலை பேசி முடிச்சு, நாள் குறிச்சு, எல்லாம் ஆனப்புறம் கையெழுத்துக்கு மட்டும் எங்கிட்ட வந்த. ரஸ் வாசல்ல நின்னுட்டிருந்தான். அவன் முன்னால நான் என்ன சொல்ல? இனிமே ஓட்ட முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? விக்கலாம்னு நானா ஒரு நாள் சொல்லியிருப்பேன். அதுவரைக்கும் நீ பொறுக்கல. எனக்குக் கைதான் வரல. வாய் இருக்கு."

அதற்குப் பிறகு அது மட்டுமில்லை என்பதுபோல் மற்றவையும் வந்தன. டாக்டர் அவளிடம் கேட்கும் கேள்விக்கு அவன் பதில் சொல்வது. கடையில் அவள் எடுத்த சாமானை, இது எதுக்கு என்று அவன் திரும்ப வைப்பது. நேற்று மண்டபத்தில் சொன்ன லாபம். அவள் குரலை உயர்த்தவில்லை. ரொம்ப நாளாக வரிசையாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னாள்.

"அப்ப ஏன் திரும்பி வந்த?" என்று கேட்டான் ஆர்லன்.

 "வில்மாவோட பொண்ணு புருஷனோட சண்டை போட்டுக்கிட்டுப் பிள்ளைங்களோட வந்துட்டா. ரூம் அவங்களுக்கு வேண்டியிருந்துது. எனக்குப் போக வேற இடம் இல்ல. உன் நினைப்பு வந்துதான்னு கேட்டா, வந்துது. பொய் சொல்லல. ஆனா அதுக்காக நான் வரல."

அந்த வாரம் ஏரிப்பனி கொட்டித் தீர்த்தது. ஆர்லன் இரண்டு ஷிப்ட் சேர்த்து வேலை பார்த்தான். வண்டியின் முன்னால் பனி சுருண்டு விழுந்துகொண்டிருக்க, அவன் மனம் அந்த மூன்று மாதத்தையே சுற்றி வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து அக்காவின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தானே, அப்போதெல்லாம் அவள் என்ன நினைத்துக்கொண்டு பதில் சொன்னாள்? அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று படுக்கையறைக்கு வண்ணம் அடித்தானே. வந்தவள் நன்றாக இருக்கிறது என்றாளே. அவனுக்குக் கோபம் வந்தது. சோறு போட்டவன் பைத்தியக்காரனா என்று கோபம். அடுத்த தெருவுக்குத் திரும்பும்போது அந்தச் 'சோறு போட்டவன்' என்ற வார்த்தையே தொண்டையில் முள்ளாக நின்றது.

ரஸ்ஸிடம் பாதியைச் சொல்லி, மீதியை விழுங்கினான். ரஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எவன் வந்து பார்க்கப் போறான்? எண்ணத்தை அளக்க அவன்கிட்ட மிஷினா இருக்கு? ஆமான்னு சொல்லிட்டு வா" என்றான். கோரினும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், பொய் என்று நான் வந்து நிற்கமாட்டேன் என்று, துணி மடித்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சனிக்கிழமை அவன் தனியாகப் போனான். நோரீன் அம்மாள் அவன் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"அவள எழுத வேண்டாம்" என்றான். "திரும்பி வர்ற எண்ணத்தோட அவ போகல. எனக்கு அப்ப தெரியாது. இப்பத் தெரியும்."

அந்த அம்மாள் அவனை ஒரு நொடி பார்த்தார்.  வீட்டு முகவரி அதேதானா என்று மட்டும் கேட்டார். அதேதான் என்றான். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

வீட்டில் கோரின் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டாள். சொன்னான். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"அப்ப உன் கணக்குல நான் யாருமே இல்ல."

"நீ சொன்னதத்தானே நான் சொன்னேன்?"

"நான் சொன்னதுதான். இருந்தாலும் குத்துது."

அப்போதுதான் அவன் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னான். முகப்பில் இருந்த பெண், அவள் கேட்ட கேள்வி, சிநேகிதன் என்று தன் வாயில் வந்த வார்த்தை, பிளாஸ்டிக் நாற்காலி. வில்மா வந்ததும் கதவைத் திறந்து அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். "பணத்துக்காக உன் பேர எழுத நினைக்கல, கோரின். இன்னொரு தடவை எவனாவது கேட்டா காட்டறதுக்கு எங்கிட்ட ஏதாவது இருக்கணும்னு நினைச்சேன்."

கோரின் அவன் பக்கம் திரும்பினாள். "இத ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். "லாபம்னு சொல்றதுக்கு வாய் வந்துது. இதுக்கு வரல." அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் எழுந்து வரவில்லை. அவனும் அவள் பக்கம் போகவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சின்னச் சமையலறை ஏரி அளவுக்கு அகன்று கிடந்தது.

மே மாதம் அவளுடைய மேல்முறையீடு ஜெயித்தது. மாதாமாதம் உதவித்தொகை, இத்தனை நாள் நிறுத்தி வைத்திருந்த பாக்கியும் சேர்த்து. ஆர்லன் மனதாரச் சந்தோஷப்பட்டான். பேக்கரியிலிருந்து கேக் வாங்கிக்கொண்டு வந்தான். கேக்கை வெட்டிய பிறகு அவள் சொன்னாள்: முதியவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் நகராட்சி கட்டிய குடியிருப்பில் ஒரு வீடு காலியாகியிருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். இங்கேயே இரு, உன் பணத்தை உன் இஷ்டப்படி செலவு செய், நான் இனி ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்றான். கெஞ்சுகிற குரல் தனக்கே புதிதாக இருந்தது.

"நீ கேட்க மாட்ட. ஆனா நான் பயந்துக்கிட்டே இருப்பேன்" என்றாள். "போன தடவை சொல்லாமப் போனேன். அது தப்பு. இந்தத் தடவை சொல்லிட்டுப் போறேன்."

"திரும்பி வருவியா?"

"தெரியல. தெரியும்னு சொன்னா அதுவும் பொய்."

பெட்டிகளை அவனேதான் சுமந்தான். மூன்றாவது மாடி. லிஃப்ட் பழுதாக இருந்ததால் படியேறி ஏறி மூச்சு வாங்கியது. எதை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் சொன்ன இடத்தில் வைத்தான். ஒரு அலமாரியை மட்டும் ஜன்னல் பக்கம் போட்டால் நன்றாக இருக்கும் என்று சொல்ல வந்து, சொல்லவில்லை. கீழே தபால்பெட்டியில் அவளுடைய முழுப்பெயரை ஒட்டியிருந்தார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பிப் போனவனுக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. வண்டிக்கொட்டகைக்குப் போய், வேலையில்லாத நாளில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, ஒன்றும் வாங்கிக்கொண்டு வராதே என்று அவள் சொல்லியிருந்தாள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய் மணி அடிப்பது அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் கதவைத் திறக்க நேரமாயிற்று. அவன் வெளியே காத்து நின்றான்.

அவள் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிந்து வேகவைத்திருந்தாள். ஒற்றைக் கையால் பொதிந்ததில் சில பிரிந்துபோய்க் குழம்பில் கிடந்தன. கனமான பாத்திரத்தை ஒரு கையால் தூக்கி, மறு கையின் மணிக்கட்டால் முட்டுக்கொடுத்து அடுப்பிலிருந்து இறக்கினாள். ஆர்லன் பதறிப் பாதி எழுந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் மறுபடி உட்கார்ந்தான். பாத்திரம் மேசைக்கு வந்து சேரும்வரை கைகளை முழங்காலுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உப்பு குறைச்சல்னா சொல்லு" என்றாள்.

சரியாக இருக்கிறது என்றான். நிஜமாகவே சரியாக இருந்தது. இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். புறப்படும்போது, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாமா என்று கேட்டான். அவள் யோசித்துவிட்டு, அடுத்த வாரம் வில்மா வருகிறாள், அதற்கடுத்த வாரம் வா என்றாள்.