உட்கார்ந்து சாப்பிடுகிறவள்

இன்றைக்கும் இந்த மெத்தையை நான்தான் சுமக்கவேண்டும். பார்க்கிறவர்களுக்கு மெத்தை என்னைச் சுமப்பதுபோலத் தெரியும். தெரியட்டும்.

இப்படி அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பட்டறை வாசலில் நின்று, சிவப்புத் துணி உறை போட்ட பஞ்சு மெத்தையை இரண்டு தட்டு தட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். உள்ளே பெயின்ட் வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து தொண்டையைக் கரித்தன. அவள் கணவர் தகர டப்பாவில் கை கழுவிக்கொண்டிருந்தார். கரையோரத்தில் எல்லோருக்கும் அவர் மெக்கானிக். படகு வாங்கப்போகிற ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றார். இந்தப் படகு இந்த மாதம் கைமாறாவிட்டால் இடத்துக்காரர் பூட்டோடு வந்து நிற்பார் என்பதையும் சொன்னார். அதை அவர் சொல்லவேண்டியதில்லை. பட்டறைக்குப் பின்னால் தட்டி வைத்து மறைத்த ஒற்றை அறையில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். பட்டறை போனால் அடுப்பும் போகும்.

உட்கார்ந்து சாப்பிடுகிறவள் என்று ஒருத்தியைச் சொன்னால் அது வசவு. அவள் விஷயத்தில் அதுதான் பிழைப்பு.

மெக்கானிக்கிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதன்முதலாக மோட்டார் படகு வாங்குகிறவர்கள். படகு தெரிந்தவன் அவரிடம் வரமாட்டான். புதுப் படகின் விலையைக் கேட்டு நெஞ்சு உலர்ந்து, பழைய படகுகளை நாலு துறையில் பார்த்து, அங்கேயும் கைக்கு எட்டாமல், கடைசியில் இங்கே வந்து சேர்வார்கள். வந்ததும் நேராக இன்ஜினிடம் போவார்கள். மூடியைத் திறந்து பார்ப்பார்கள், கயிற்றை இழுப்பார்கள், அது உறுமினால் முகம் மலர்வார்கள். மாப்பிள்ளையின் மீசையைப் பார்த்து மயங்கி, வேலை உண்டா என்று கேட்க மறந்த மாமனார் மாதிரி. இன்ஜினை மெக்கானிக் நன்றாகத்தான் வைத்திருப்பார். அதில் அவர் பொய் சொன்னதில்லை. பொய்யெல்லாம் காலுக்குக் கீழே.

இந்த ஃபைபர் படகின் தரைக்குள் இருந்த பலகை, நடுவிலிருந்து சற்றுப் பின்னே, டீயில் தோய்த்த ரஸ்க் போல ஊறிப்போயிருந்தது. அதற்கும் கீழே, அடிப்பாகத்தில் ஒரு விரிசல். பசை வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மிதித்தால் மட்டும் கால் அமுங்கும். ஆகவே அங்கே யாருடைய காலும் படக்கூடாது. பெட்டியை வைத்தால் நகர்த்திப் பார்ப்பார்கள். மூட்டையை வைத்தால் தூக்கிப் பார்ப்பார்கள். கனத்த உடம்புக்காரி ஒருத்தி மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தால், நீங்கள் உட்காருங்கம்மா, பரவாயில்லை என்று சுற்றிக்கொண்டு போவார்கள்.

இதை மெக்கானிக் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. முன்பு ஒரு படகு விற்றபோது, கால் கடுக்கிறதென்று அவளாகத்தான் போய் உட்கார்ந்தாள். வியாபாரம் முடிந்ததும் அவர் சிரித்துக்கொண்டே, "நீ என் நங்கூரம்டி" என்றார். அண்டா, மூட்டை என்று கேலி கேட்டே பழகிய உடம்பு அது. முதல்முறையாக அதற்கு ஒரு மரியாதை கிடைத்தது. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் இன்னும் செரிக்க முடியவில்லை.

காரணம் இந்தப் படகு. போன மழைக்காலத்துக்கு முன் இது பச்சையாக இருந்தது. காய்கறிக்காரர் ஒருவர் அக்கரைச் சந்தைக்கு மூட்டை ஏற்ற வாங்கினார். மெலிந்த மனிதர். இவள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனவர். கரைச் சரிவில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறியவர், பேரம் படிந்த குஷியில் அப்படியே தண்ணீர் வழியாகவே வீட்டுக்கு ஓட்டிப் போய்விட்டார். செருப்பை அப்புறம் வந்து எடுத்துக்கொள்வதாகக் கையைக் காட்டினார். வரவில்லை. ஆறு புரண்டு ஓடிய ஒரு நாளில், நடு ஆற்றில் தண்ணீர் ஏறிப் படகு உட்கார்ந்துவிட்டது. முதலில் படகு கிடைத்தது. அவர் பிறகு கிடைத்தார், வெகு தூரம் தள்ளி.

அவருடைய அண்ணன்தான் படகை இழுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் யாரும் இதன் முகத்தில் விழிக்க விரும்பவில்லை, கொடுப்பதைக் கொடுங்கள் என்றார். பாரம் அதிகமாக ஏற்றியிருப்பார், பாவம் என்று மெக்கானிக் வருத்தப்பட்டு, பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார். கிளம்பிய அண்ணன் திரும்பி நின்று, "தம்பியோட செருப்பு இங்க கிடக்குதான்னு அவன் பொண்டாட்டி கேட்டுட்டு வரச் சொல்லிச்சு" என்றார். மெக்கானிக் மெல்ல நகர்ந்து ஒரு பீப்பாய்க்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்தச் செருப்பு அவர் காலில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இல்லையே என்று அவள்தான் சொன்னாள்.

இப்போது படகு நீலம்.

முற்பகலில் வந்தவர்கள் ஒரு துடுப்புக்காரனும் அவன் மனைவியும். அக்கரை ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களைத் துடுப்புப் போட்டு ஏற்றி இறக்குகிறவன். பக்கத்துப் படகுகளெல்லாம் இன்ஜின் வைத்தாகிவிட்டதாம். ஷிப்டுக்கு நேரமானவர்கள் இவன் படகிலா ஏறுவார்கள்? தோள்பட்டை வேறு இறங்கிப்போயிருந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட வலது கை இடது கையைத் துணைக்கு அழைத்தது. கையில் இருப்பது இவ்வளவுதான், இதற்குமேல் தோலை உரித்தாலும் வராது என்று வந்ததும் வராததுமாகச் சொன்னான்.

"தோலை வேற எதுக்கு உரிக்கணும்? என் தையல் மிஷினைத்தான் உரிச்சாச்சே" என்றாள் அவன் மனைவி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சின்னப் பெண். விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள் இருந்தன.

அவன் இன்ஜினைத் தடவிக்கொண்டிருந்தபோதே மெக்கானிக்கின் மனைவி சரிவில் இறங்கி, படகில் ஏறி, மெத்தையைப் போட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்றார் மெக்கானிக். துடுப்புக்காரன் முன்னால் ஏறினான். அந்தப் பெண் கரையிலேயே நின்றுவிட்டாள். தண்ணீர் என்றால் பயமாம். துடுப்புக்காரன் பெண்டாட்டிக்கே தண்ணீர் பயமா என்று மெக்கானிக் சீண்டினார். சமையல்காரன் பெண்டாட்டி பட்டினி கிடப்பதில்லையா என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள்.

படகு கிளம்பியது. மெக்கானிக் வேகத்தைக் கூட்டவில்லை. துடுப்புக்காரன் முன்னால் பார்த்தபடி இருந்தான். தோள் அசையாமலே தண்ணீர் வழிவிடுவது அவனுக்குப் புதிது. அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் தொடைக்கடியில் முதலில் ஒரு குளிர்ச்சி வந்தது. பிறகு அது மெல்லப் பரவியது. மெத்தை குடிக்கத் தொடங்கிவிட்டது. அது வயிறு முட்டக் குடித்து முடிக்கும்வரை வெளியே ஒரு சொட்டு தெரியாது. அதற்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். அவள் இருமினால் அவர் திருப்புவார். இதை அவர்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. பேசியிருந்தால் அவளால் செய்திருக்க முடியாது.

இன்று இருமல் வர மறுத்தது. காய்கறிக்காரருக்கு இந்தக் குளிர் முதலில் பாதத்தில்தான் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. அலை தெறித்தது என்று நினைத்திருப்பாரோ? இல்லை, அந்த இடத்தைப் பார்த்ததும், அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் முகம் ஞாபகம் வந்திருக்குமோ? கடைசியாக அவர் நினைத்த முகம் தன் முகமாக இருந்திருந்தால்?

மெக்கானிக் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பது பிடரியில் தெரிந்தது. அவள் இருமினாள். படகு திரும்பியது.

வழக்கமாக, வந்தவர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்வரை அவள் எழுந்திருக்கமாட்டாள். இன்றும் அப்படித்தான் இருந்தாள். துடுப்புக்காரன் குதித்து இறங்கி மனைவியின் கையைப் பிடித்தான். நீயும் ஒரு சுற்று வந்து பார், அப்புறம் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடலாம் என்றான். அந்தப் பெண்ணின் கால் சரிவில் ஊன்றிக்கொண்டது. படகைப் பார்க்காமல், படகில் இருந்தவளைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதும்மா." அது ஒன்று உண்மை.

"தெரியாமயா இவ்வளவு நிம்மதியா உட்கார்ந்திருக்கீங்க?"

மெக்கானிக் முந்திக்கொண்டார். "நல்லாக் கேளு தங்கச்சி. கெட்ட படகா இருந்தா எம் பொண்டாட்டியையே அதுல உட்கார வைப்பனா? இவதான் என் நங்கூரம்."

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. ஏறுகிறவர்களிடம் காசு வாங்கிப் போட நடுவில் ஒரு ஆள் வேண்டும், கூலிக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது, அதனால் பயமோ இல்லையோ நான்தான் வந்தாகவேண்டும் என்றாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "நீங்க உட்கார்ந்திருக்கிற இடம் நல்லா வசதியாத் தெரியுது அக்கா. நாளையிலேருந்து அது என் இடம். அந்த மெத்தையையும் சேத்தே குடுத்துடுவீங்களா?" என்றாள்.

மெக்கானிக் உரக்கச் சிரித்தார். மெத்தை இனாம் என்றார்.

தான் எந்த முடிவும் எடுத்ததாக மெக்கானிக்கின் மனைவிக்குத் தெரியவில்லை. மனம் எப்போதும்போல அடுப்பையும் தட்டியையும் பூட்டையும் சுற்றிக்கொண்டிருந்தது. உடம்புதான் முதலில் எழுந்தது. அண்டா என்றும் நங்கூரம் என்றும் பேர் வாங்கிய அதே உடம்பு, விளிம்பைப் பிடித்து, மூச்சு வாங்கி, கரையில் இறங்கி நின்றது. கையில் மெத்தையும் இருந்தது.

மெத்தையிலிருந்து தண்ணீர் தாரையாக ஒழுகி அவள் பாதத்தில் விழுந்தது. உடுத்தியிருந்த துணி பின்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சிரிப்பை நிறுத்தினாள்.

"என்னக்கா, இப்படி நனைஞ்சிருக்கு?"

படகென்றால் தெறிக்கத்தான் செய்யும் என்றார் மெக்கானிக். தெறித்தால் மேலே அல்லவா நனையும் என்று துடுப்புக்காரன் கேட்கவில்லை. கேட்கிறவன்போலப் படகுக்குள் எட்டிப் பார்த்தான். மெத்தை கிடந்த இடத்தில் மட்டும் நீலம் கறுத்து, தரை லேசாகக் குழிந்து, அந்தக் குழியில் ஒரு கைத் தண்ணீர் மின்னியது.

"கால் மரத்துப்போச்சா உனக்கு?" மெக்கானிக்கின் குரல் இறங்கியது. "ஒரே ஒரு சுத்துதான். மெத்தையைப் போட்டு உட்காரும்மா."

உட்காரும்மா. அவர் அவளை அப்படி அழைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அதில் இருந்த கெஞ்சல் அவளுக்கு மட்டும்தான் கேட்கும். அவர் முகத்தைப் பார்த்தால் மறுபடி ஏறிவிடுவோம் என்று பயந்து அவர் காலைப் பார்த்தாள். காய்கறிக்காரர் செருப்பின் வார் ஒன்று அறுந்து, கம்பி போட்டு முறுக்கியிருந்தது.

மெத்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது அவள் நெஞ்சையும் நனைத்தது.

"வேண்டாங்க" என்றாள். "நான் உட்காரல."