சாமி வந்த நாளின் தழும்பு

டாக்டர் திரையில் சொரிமுத்துவின் இதயத்தைக் காட்டினார். கறுப்புச் சதைக்கு நடுவே வெள்ளையாக ஒரு பட்டை. அந்த இடத்தில் சதை செத்துத் தழும்பு கட்டிவிட்டது, தழும்பு சுருங்கி விரியாது, அதனால்தான் காலில் நீர் கோக்கிறது, வீட்டு ஏணியில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். இனி ஓடக்கூடாது, ஆடக்கூடாது. துடிப்பு தாறுமாறாகி நின்ற இடத்திலேயே உயிர் போய்விடும். தழும்பு பழசு. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் பலமாக நெஞ்சு வலித்ததா?

"நஹி சாப். கபி நஹி" என்று ஒரேயடியாக மறுத்தான் சொரிமுத்து, சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறவன்போல.

பக்கத்திலிருந்த அவன் மனைவி இசக்கிசெல்வி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தாராவியில் அவர்கள் சந்துக் கோயிலில் சுடலைமாடன் கொடைத் திருவிழா. முந்தின வருஷம்தான் பழைய சாமியாடி செத்திருந்தார், ஆட ஆளில்லை. மதியக் கொடையில் மேளம் உச்சத்துக்குப் போனபோது, பெல்ட் பட்டறையில் தையல் வேலை பார்க்கும் இந்த மனுஷன், அதுவரை ஒருநாளும் சாமி வராதவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தான். "சுடலை வந்துட்டாம்ல!" என்று கத்தினார் கோயில் கமிட்டித் தலைவர் தங்கபாண்டி. தூக்கி நிறுத்தி, வாயில் அரைப் பாட்டில் சாராயத்தைக் கவிழ்த்து, கையில் சாமியின் வல்லய ஈட்டியைத் திணித்தார்கள். அவன் வாந்தி எடுத்தான். அந்த வாந்தியை மிதித்துக்கொண்டு ஜனங்கள் குறி கேட்டார்கள். இசக்கிசெல்வியும் அவன் காலில் விழுந்தாள். வேர்த்துச் சில்லிட்டிருந்த அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்போது நினைத்தால் கண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள். "உள்ளதைச் சொல்லுங்க. அன்னைக்கு வந்தது சாமியா, வலியா?"

சொரிமுத்து வீங்கிய காலை நீவிக்கொண்டே சொன்னான். "வலிதான். கத்தத்தான் பாத்தேன். அதுக்குள்ள எல்லாரும் கால்ல விழுந்துட்டாவ. நீயும் விழுந்துட்ட. பட்டறையில என்னை ஏலே, வாலேன்னு கூப்பிடுதவன்லாம் கும்பிடுதான். எப்படிச் சொல்ல?"

"அதுக்கப்புறம் ரெண்டு வருசம் ஆடுனியளே?"

"அது சும்மா ஆடுனது."

சும்மா! கொடைக்கு எட்டு நாள் விரதம் என்று தனித் தட்டு, தனிப் பாய் கேட்டு அவளை எப்படி விரட்டியிருக்கிறான். பிள்ளை இல்லாத பெண்களின் நெற்றியில் எவ்வளவு கம்பீரமாகத் திருநீறு பூசியிருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் குமட்டியது.

சாயங்காலம் தங்கபாண்டி தாம்பாளத்தோடு வந்தார். வேட்டி, மாலை, மஞ்சள் கயிறு. கயிற்றைக் கையில் காப்பாகக் கட்டிவிட்டால் இந்த வருஷமும் சொரிமுத்து ஆடியாக வேண்டும். ஆடினால் செத்துப்போவான் என்று டாக்டர் சொன்னதை இசக்கிசெல்வி ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்துத் திரும்பினால், புருஷன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சாவைவிட மாலை பெரிதாகப் போயிற்று. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று வந்தது அவளுக்கு.

"கட்டாதிய அண்ணாச்சி. அன்னைக்கு வந்தது சாமி இல்ல, நெஞ்சுவலி."

தங்கபாண்டி கயிற்றின் சிக்கை எடுத்துக்கொண்டே சிரித்தார். "இதை எங்கிட்டயா சொல்லுத? விழும்போதே எனக்குத் தெரியும். எங்கப்பனும் மாரடைப்புல இப்படித்தான நெஞ்சைப் பிடிச்சிட்டு விழுந்தாரு. அன்னைக்கே தாங்குன ஒடம்பு, இப்பத் தாங்காதா?"

சொரிமுத்து நிமிர்ந்து பார்த்தான். "தெரிஞ்சிட்டேயா அண்ணாச்சி, வாயில சாராயத்த ஊத்துனிய?"

"கொடை நின்னு போயிருக்கும்லா, முத்து."

சொரிமுத்து நீட்டிய கை மெல்ல மடிக்கு இறங்கியது. இசக்கிசெல்வி தாம்பாளத்தை எடுத்து அவரிடமே நீட்டினாள். "வேற நெஞ்சு பாருங்க அண்ணாச்சி."

அவர் போனபிறகு சொரிமுத்து விம்மி விம்மி அழுதான். பக்கத்தில் போய்த் தொட அவளுக்கு மனசு கூசியது. மாத்திரையைப் பிரித்து, டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரோடு தரையில் வைத்து, காலால் அவன் பக்கம் தள்ளினாள்.