இன்னும் யாராவது பார்க்கிறீர்களா?

அண்ணி போட்ட சத்தத்தில், தாழ்வாரத்துக் கோடியில் ஏணி மேல் நின்றவள் பாதிப் படியிலிருந்தே குதித்து ஓடி வந்தாள்.

அவள் அண்ணிக்கு நாத்தனார். அந்த ஆஸ்பத்திரிக்கு நெட்வொர்க் அமைப்பவள். வீட்டில் அவளுக்கு ஒயர்காரி என்று பேர், வைத்தது அண்ணிதான்.

மாசம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளெல்லாம் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தார்கள். வயிற்றில் தையலோடு எழ முடியாத தாய்மார் மேல்தளத்தில். கீழே எல்லாப் பெட்டியும் தெரியும்படி ஒரு கேமரா, மேலே அறைக்கு ஒரு டிவி. ஒவ்வொரு டிவிக்கும் தனித்தனியே அனுப்பினால் ஒயர் திணறிப்போகும். அதனால் படத்தை ஒரே தடவை அனுப்பி, பாதை பிரிகிற இடத்தில் மட்டும் நகல் எடுக்கும்படி செய்திருந்தாள். மல்டிகாஸ்ட் என்பார்கள். கேட்கிற டிவிக்குப் போகும், கேட்காததற்குப் போகாது.

இப்போது அண்ணியின் டிவி கறுத்துக் கிடந்தது.

"எம்பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு. அதை மறைக்கத்தான் நிறுத்திட்டாங்க."

"ஐயோ, இல்ல அண்ணி!" கீழே நர்ஸுக்கு போன் போட்டு அண்ணியின் காதில் வைத்தாள். பாப்பா தூங்குகிறாள் என்றார் நர்ஸ்.

"நீ சொல்லச் சொல்லியிருப்ப. நான் கண்ணால பாக்கணும்."

பக்கத்துக் கட்டில்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இப்பத்தாம்மா தூங்கலாம்னு என் டிவிய அணைச்சேன். அதனால இருக்குமா?"

ஒயர்காரிக்குச் சுருக்கென்றது. போன வாரம் இடம் போதாமல் இந்த அறைக்கு இரண்டாவது கட்டில் வந்தபோது, அதே ஒயரைப் பிரித்து இன்னொரு டிவி மாட்டியது அவளே. ஆனால் ஒயருக்கு ஒரு டிவிதான் என்ற நினைப்பில் நெட்வொர்க் பெட்டிக்கு முதலில் போட்ட கட்டளையை மாற்ற மறந்துவிட்டாள்: ஒரு டிவி விலகியதுமே அந்த ஒயரில் படத்தை வெட்டிவிடு.

"தப்பு என்னோடதுதான் அண்ணி. அவங்க போதும்னதும் உங்களுக்கும் சேத்து வெட்டிடுச்சு."

"அடிப்பாவி! பக்கத்துல சாப்பிடுறவ கை கழுவினா என் தட்டையும் தூக்கிடுவியா?"

"இனிமே கேட்டுட்டுத் தூக்குறேன்."

அண்ணியின் டிவியை அணைத்துப் போட்டதும் அது படத்தைப் புதிதாகக் கேட்டது, பிள்ளை தெரிந்தாள். அண்ணிக்கு மூச்சு வந்தது. ஒயர்காரி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டளையை மாற்றினாள். இனி ஒரு டிவி விலகினால், இந்த ஒயரில் இன்னும் யாராவது பார்க்கிறீர்களா என்று நெட்வொர்க் பெட்டி கேட்கும், கொஞ்சம் காத்திருக்கும், ஒருவரும் பதில் சொல்லாவிட்டால்தான் நிறுத்தும்.

"அக்கா, உங்க டிவிய ஒருதரம் போட்டுட்டு அணைங்க."

"வேணாம்!" என்று அண்ணி ஒயர்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் தூங்கறதா வேணாமா?" என்று பக்கத்துக் கட்டில்காரி சிரித்துக்கொண்டே டிவியைப் போட்டு அணைத்தாள்.

மூவரும் அண்ணியின் டிவியையே பார்த்தார்கள். படம் மறையவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை காலை உதைத்துப் போர்வையைத் தள்ளினாள்.

"அத்தை மாதிரியே, கால் ஒரு இடத்துல நிக்குதா பாரு." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் பிடித்த கையை உடனே விடவில்லை. பிறகு மெல்லத் தள்ளினாள்.

"போ, ரெண்டு கட்டில் போட்ட மத்த ரூமையும் பாரு. என்னை மாதிரி கத்தத் தெம்பில்லாதவ எவளாவது இருட்டு டிவியப் பாத்துக்கிட்டு இருக்கப் போறா."

ஒயர்காரி லேப்டாப்பை மூடக்கூட நிற்காமல் அடுத்த அறைக்கு ஓடினாள்.