தலையில் ஒட்டிய எஸ்

மருந்துக் கிடங்கின் குளிர் அறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போனவர் ஸ்டோர்கீப்பர். இருநூறு தடுப்பூசிக் குப்பிகள் பாழாகிவிட்டன. அன்று அவரோடு பணியில் இருந்தவள் பேக்கிங் பிரிவுப் பெண் மட்டுமே. நடந்ததை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டு மேனேஜர் மேசையில் வைத்தாள்: “ஹி லெஃப்ட் த டோர் ஓப்பன்.”

மறுநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். “உங்க ரிப்போர்ட்லயே தப்பு உங்க மேலதான்னு இருக்கேம்மா!”

வாங்கிப் பார்த்தாள். ‘ஹி’க்கு முன்னால் யாரோ ஓர் எஸ்ஸை இடித்து நுழைத்து, ‘ஷி’ ஆக்கியிருந்தார்கள். அறையில் நின்றிருந்த ஸ்டோர்கீப்பர் கையைக் கட்டிக்கொண்டு முகட்டைப் பார்த்தார்.

அவள் தாளை மேனேஜர் பக்கம் திருப்பினாள். “தமிழா இருந்தா ‘அவரை’ ‘அவள்’ ஆக்கினாப் போதாது, ‘விட்டார்’ங்கறதையும் ‘விட்டாள்’னு அடிச்சுத் திருத்தணும். இங்கிலீஷ்ல ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே ‘லெஃப்ட்’தான். அது இவருக்கு வசதியாப் போச்சு சார்.”

“நான் திருத்தினதைப் பார்த்தியா நீ?” என்று சீறினார் ஸ்டோர்கீப்பர்.

“கதவை நான் திறந்திருந்தா ‘ஐ லெஃப்ட்’னுதானே எழுதுவேன்? என்னை நானே ‘அவள்’னு எழுதுவேனா?”

மேனேஜர் தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு ஸ்டோர்கீப்பரிடம் கையை நீட்டிக் குளிர் அறைச் சாவியைக் கேட்டார்.

வெளியே வந்ததும் ஸ்டோர்கீப்பர் பல்லைக் கடித்தார். “இங்கிலீஷ் தெரிஞ்ச திமிரு!”

“அரைகுறையாத் தெரிஞ்சதுதான் உங்களைக் கவுத்துச்சு,” என்றாள். அதன்பின் அந்தக் கிடங்கில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.