பாலில் போட்ட பல்

மறுநாள் கனடாவின் வினிபெக் நகரில் பல் மருத்துவக் கல்லூரி நேர்காணல். டார்சியை உட்காரவைத்து அவன் அக்கா ஜோலீன் ஒத்திகை பார்த்தாள்.

"எதுக்குப் பல் டாக்டராகணும்?"

"மக்களின் புன்னகையைக் காப்பதே என் வாழ்நாள் லட்சியம்..."

"கிளிப்பிள்ளை கெட்டுது போ! நெசத்தச் சொல்லுடா."

டார்சி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஐஸ் ஹாக்கி ஆடறப்போ உன் முன்பல்லு தெறிச்சுதே. நீ ஊரக் கூட்டி அழுத. நான் ஐஸ்ல தவழ்ந்து தேடி, பல்லு கெடாம இருக்கப் பால்ல போட்டு எடுத்துட்டு ஓடுனேன். டாக்டர் அதைத் திரும்ப நட்டுட்டாரு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

சொல்லி முடித்ததும் நேர்காணலை எண்ணி ஒரு வாரமாக நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கிவிட்டது.

ஜோலீன் ஓர் ஆப்பிளை எடுத்து, அதே பல்லால் நறுக்கென்று கடித்தாள்.

"இதையே சொல்லு. நம்பலைன்னா என்னைக் கூப்பிடு, வந்து கடிச்சுக் காட்டறேன்."